இடப்பக்கம் நின்று சொன்னது

புதன்கிழமை மதிய வகுப்பு என்றாலே அவசர சிகிச்சைப் பிரிவில் எல்லாருக்கும் கண் செருகும். விளக்கை அணைத்துவிட்டுச் சுவரில் படம் ஓட்டுவார்கள். இரவு டியூட்டி முடித்தவர்கள் கடைசி வரிசையில் சாய்ந்துவிடுவார்கள். ஒரு டாக்டர் விட்ட குறட்டையை மூச்சுத் திணறல் என்று நினைத்து இன்னொருவர் ஆக்சிஜனைத் தேடி ஓடிய கூத்தும் போன வாரம் நடந்தது.

வருடத்துக்கு இத்தனை மணி நேரம் படித்திருந்தால்தான் டாக்டருக்கும் நர்சுக்கும் உரிமம் புதுப்பிப்பார்கள். அதற்காக வருவார்கள், கையெழுத்துப் போடுவார்கள், கொட்டாவியோடு கிளம்பிப் போவார்கள். இந்த லட்சணத்தைப் பார்த்துச் சலித்துப்போன துறைத்தலைவி, வகுப்பை மொத்தமாகச் சின்ன டாக்டரின் தலையில் கட்டிவிட்டார். அவளும் வீம்புக்கு ஒத்துக்கொண்டாள். படமும் வேண்டாம் பாடமும் வேண்டாம், பொம்மை ஒன்றைப் படுக்க வைத்து நிஜ நோயாளிக்குச் செய்வதுபோலச் செய்து பார்ப்போம் என்றாள்.

இன்றுதான் முதல் நாள்.

அவளுக்குச் சின்ன டாக்டர் என்று பெயர் வந்ததே அதே பிரிவில் பெரிய டாக்டர் ஒருவர் இருந்ததால்தான். பெரிய டாக்டர் அவளுடைய மாமனார். ஆஸ்பத்திரியில் அவரை 'சார்' என்பாள், வீட்டில் 'மாமா' என்பாள். இரண்டையும் அவள் மாற்றிச் சொன்னதே கிடையாது. ஒரே வீட்டுக்காரர்களை ஒரே டியூட்டியில் போடக் கூடாது என்பது அங்கே விதி. அதனால் அவர் உள்ளே வரும்போது அவள் வெளியே போய்க்கொண்டிருப்பாள். கணவன் கப்பலில் இஞ்சினீயர், வருடத்தில் பாதி நாள் தண்ணீரில். வீட்டில் மாமா, அத்தை, அவள் என்று மூன்றே பேர்.

காலையில் அத்தை குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐயோ டாக்டர், என் வீட்டுக்காரருக்கு என்ன ஆச்சு?"

சின்ன டாக்டர் பதறிப்போய்க் கதவைத் தட்டினாள். "அத்தை, மெதுவா. மாமா கூடத்துலதான் இருக்கார்."

பயிற்சியில் நோயாளியின் மனைவியாக நடிக்க அத்தைதான் ஒத்துக்கொண்டிருந்தாள். மாமாவுக்கு இது தெரியாது. தெரிந்தால் வர மாட்டார் என்று இருவரும் மறைத்து வைத்திருந்தார்கள்.

அவள் கூடத்தை எட்டிப் பார்த்தாள். மாமா வலது காதோடு சேர்த்துக் கன்னத்தைக் கையில் தாங்கிக்கொண்டு செய்தித்தாளில் மூழ்கியிருந்தார். அத்தையின் கூக்குரல் தெருமுனைவரை போயிருக்கும், அவர் தலையைக்கூடத் தூக்கவில்லை. பேப்பர் படித்தால் மாமாவுக்கு உலகமே மறந்துவிடும் என்று நினைத்துக்கொண்டாள்.

அத்தை வெளியே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஓய்வுபெற்ற பூகோள ஆசிரியை. கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற குரல்.

"அத்தை, மாத்திரை விஷயத்தை மட்டும் ஒரே ஒரு தடவைதான் சொல்லணும். அதையும் மெதுவாச் சொல்லணும். பயந்துபோய் வர்றவங்க முக்கியமானதை அப்படித்தான் சொல்லுவாங்க. டாக்டர் அதைக் காதுல வாங்கறாரான்னு பாக்கறதுதான் பரீட்சையே."

"எனக்கு மெதுவாப் பேச வராதேம்மா."

"முயற்சி பண்ணுங்க."

"மாமாவையா முதல்ல கூப்பிடப் போற?"

"ஆமா. அவர் ஒரு தடவை செஞ்சு காட்டிட்டா மத்தவங்க மறுபேச்சுப் பேச மாட்டாங்க."

அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, ஈரத் துண்டை உதறிக் கொடியில் போடப் போய்விட்டாள்.

&#42;

வார்டை ஒட்டியிருந்த பழைய சாமான் அறையைக் காலி செய்து பயிற்சிக்கு ஒழுங்குபடுத்தியிருந்தார்கள். ஒரு கட்டில், மருந்து வண்டி, ஆக்சிஜன், நாடித் துடிப்பும் ரத்த அழுத்தமும் காட்டுகிற திரை. கட்டிலில் பொம்மை கால் நீட்டிப் படுத்திருந்தது. மூச்சு விடும், கண் சிமிட்டும், கேட்ட கேள்விக்கு முனகும். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து ஒருவர் அதை இயக்குவார். வந்த இரண்டே நாளில் அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் விழுந்துவிட்டது. படுத்த இடத்தை விட்டு அசையாது, சுற்றி எல்லாரும் பணிவிடை செய்ய வேண்டும் என்று நர்சுகள் காரணம் சொன்னார்கள்.

டாக்டர்களும் நர்சுகளும் சுவரோரம் நின்றார்கள். எல்லாரும் முகக்கவசம் போட்டிருந்தார்கள். ஒருவர்கூடத் தூங்கவில்லை என்பதே சின்ன டாக்டருக்குப் பாதி வெற்றி.

மாமா கடைசியாக வந்தார். "பொம்மைக்கு வைத்தியம் பாக்கற வயசா எனக்கு?" என்றார். ஆனால் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். கட்டிலை ஒரு சுற்றுப் பார்த்தார். வண்டியின் இழுப்பறைகளைத் திறந்து மூடிப் பார்த்தார். அந்தப் பழக்கம் அவளுக்குப் பிடிக்கும்.

"தோட்டத்துல வேலை செஞ்சவர் சார். தேனீ கொட்டிருக்கு. இப்பதான் தூக்கிட்டு வந்தாங்க" என்று அவள் தொடங்கி வைத்தாள்.

திரையில் எண்கள் ஓட ஆரம்பித்தன. மாப்பிள்ளை இழுத்து இழுத்து மூச்சு விட்டது.

மாமா மாறிப்போனார். கேலியெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. ஆக்சிஜன் என்றார், தொடையில் அட்ரினலின் ஊசி என்றார், காலை உயர்த்தச் சொன்னார், நரம்பில் திரவம் ஏற்றச் சொன்னார். ஒவ்வொன்றையும் அவசரமில்லாமல், ஒரே குரலில். சுவரோரம் நின்ற இளம் டாக்டர்கள் தங்களை அறியாமல் ஓரடி முன்னால் வந்தார்கள்.

அப்போது கதவு திறந்து அத்தை உள்ளே வந்தாள். தலை கலைந்திருந்தது. சேலை முந்தானையை இழுத்துப் பிடித்திருந்தாள். நிஜமாகவே ஓடி வந்தவள் போல மூச்சிரைத்தாள்.

மாமா நிமிர்ந்து பார்த்தார். ஒரு கணம் திகைத்தார். அறை முழுக்கச் சிரிப்பை அடக்கிக்கொண்டது.

"நோயாளியோட மனைவி சார்" என்றாள் சின்ன டாக்டர்.

"அப்படியா" என்றார் அவர் பொம்மையைப் பார்த்து. "பாவம்."

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அத்தை சிரிக்கவில்லை. கட்டிலின் இடப்பக்கம் போய் நின்றாள். சின்ன டாக்டர் எழுதிக் கொடுத்த இடம் அதுதான். தலைமாட்டில் நின்ற மாமாவின் இடது தோளுக்குப் பக்கத்தில் நின்று, சொல்லிக்கொடுத்தபடியே தணிந்த குரலில் சொன்னாள்.

"அவருக்கு நெஞ்சு படபடப்புன்னு தினம் மாத்திரை சாப்பிடறார் டாக்டர்."

முடிச்சே அதில்தான் இருந்தது. இதயத் துடிப்பை அடக்குகிற அந்த வகை மாத்திரை உடம்பில் இருந்தால் ஒவ்வாமைக்குப் போடுகிற அட்ரினலின் சரியாக வேலை செய்யாது. எத்தனை ஊசி போட்டாலும் ரத்த அழுத்தம் ஏறாது. வேறு மருந்துக்கு மாற வேண்டும். மாமாவுக்கு இது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும்.

மாமா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னொரு ஊசி போடுங்க" என்றார்.

சரி, முதல் தடவை தவறவிடுவது சகஜம்தான். அதற்காகவே பொம்மையின் சட்டைப் பையில் மாத்திரை அட்டையையும் வைத்திருந்தாள். புதிதாகச் சேர்ந்த நர்ஸ் ஒருத்தி, வேலைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகாதவள், அதைச் சரியாகக் கண்டுபிடித்து எடுத்தாள். அத்தைக்குப் பக்கத்தில் நின்றபடி மாத்திரையின் பெயரைப் படித்தாள். தெளிவாகத்தான் படித்தாள்.

மாமா திரும்பவில்லை.

அவள் மறுபடியும் படித்தாள்.

"திரவத்தை வேகமா விடுங்க" என்றார் மாமா. "ஏன் ஏற மாட்டேங்குது?"

திரையில் எண் சரிந்துகொண்டே வந்தது. சுவரோரம் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூத்த சிஸ்டர் மட்டும் யாரையும் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். புது நர்ஸ் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நின்றாள்.

"மூணாவது ஊசி" என்றார் மாமா. அவர் நெற்றியில் வியர்வை.

அத்தை நகர்ந்தாள். எழுதிக் கொடுத்ததில் இல்லாத நகர்வு. கட்டிலின் கால்மாட்டைச் சுற்றிக்கொண்டு அவருடைய வலப்பக்கம் வந்தாள். முழங்கையைப் பிடித்தாள்.

"என்னங்க. நெஞ்சு படபடப்புக்கு மாத்திரை சாப்பிடறார்னு சொல்றேன்ல."

அடுத்த நொடியே மாமா, "குளுக்ககான். வண்டியில ரெண்டாவது தட்டு" என்றார்.

மருந்து போயிற்று. எண்கள் ஏறின. மாப்பிள்ளை கண்ணைச் சிமிட்டியது. அறையில் கைதட்டலும் சிரிப்பும் கலந்து எழுந்தன. "பொம்மையோட பொண்டாட்டி டாக்டரைப் போய் என்னங்கன்னு கூப்பிடறாங்க" என்று யாரோ சொல்ல, சிரிப்பு இன்னும் கூடியது.

சின்ன டாக்டருக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் அத்தையின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது இன்னும் மாமாவின் வலது முழங்கையிலேயே இருந்தது. எந்தத் தயக்கமும் இல்லாமல் சுற்றிக்கொண்டு வந்த விதம், தினமும் போய்ப் பழகிய வழி போல இருந்தது.

சாப்பாட்டு மேஜையில் அத்தை நாற்காலிகளை இடம் மாற்றியது. கடைக்குப் போகும்போது எப்போதும் அவருக்கு வலப்பக்கமாக நடப்பது. போன வருடத்திலிருந்து வீட்டில் உயர்ந்துகொண்டே வந்த குரல். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அத்தை வகுப்பறையை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள் என்று சின்ன டாக்டரே கணவனிடம் போனில் சொல்லிச் சிரித்திருக்கிறாள். அதையெல்லாம் இப்போது நினைத்தபோது அவளுக்கு முகம் சுட்டது.

&#42;

பயிற்சி முடிந்ததும் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து பேச வேண்டும். யாரையும் குற்றம் சொல்லக் கூடாது, பார்த்ததைச் சொல்ல வேண்டும். விதியை வகுத்தவள் அவளேதான்.

எல்லாரும் மாமாவைப் புகழ்ந்தார்கள். பதற்றமே இல்லை சார் என்றார்கள். புது நர்சின் முறை வந்தது. அவள் எழுந்து நின்றாள்.

"நான் ரெண்டு தடவை சொன்னேன்" என்றாள். பிறகு அவளே அவசரமாக, "என் குரல்தான் சின்னதா இருந்திருக்கும்" என்று சேர்த்துக்கொண்டாள்.

எல்லாரும் சின்ன டாக்டரைப் பார்த்தார்கள். மாமா எதிரில் உட்கார்ந்திருந்தார், வலது கன்னத்தைக் கொஞ்சம் முன்னால் நீட்டி. எத்தனை நாளாக இப்படி உட்காருகிறார்? அவள் பார்த்ததே இல்லையா?

"அறையில சத்தம் அதிகமா இருந்தது" என்றாள். "அதனால இனிமே ஒரு பழக்கம் வச்சுக்கலாம். யார் எதைச் சொன்னாலும் கேட்டவங்க அதைத் திருப்பிச் சொல்லணும். திருப்பிச் சொல்லலன்னா அவங்களுக்குக் கேக்கலன்னு எடுத்துக்கணும். கிட்டப் போய் மறுபடி சொல்லணும்."

நல்ல யோசனை என்று தலையசைத்தார்கள். துறைத்தலைவிகூட ஆமோதித்தார். புது நர்ஸ் உட்கார்ந்துகொண்டாள். ஆனால் அவள் முகம் தெளியவில்லை. "இனிமே சத்தமாச் சொல்றேன் டாக்டர்" என்றாள்.

மாமா அவளைப் பார்த்தார்.

"சத்தம் எதுவும் இல்ல" என்றார். "உன் குரல்ல ஒரு குறையும் இல்லம்மா. எனக்குத்தான் இடது காது கேக்காது."

சாய்ந்து உட்கார்ந்திருந்தவர்கள் நிமிர்ந்தார்கள்.

"கொஞ்ச நாளாவே இப்படித்தான். எதிர்ல நின்னு பேசினா உதட்டைப் பாத்துப் புரிஞ்சுக்குவேன். முகத்தை மூடிக்கிட்டு இடப்பக்கம் நின்னு சொன்னா ஒண்ணும் தெரியறதில்ல. அழுக்கு அடைச்சிருக்கும், நாளைக்குப் பாப்போம், நாளைக்குப் பாப்போம்னு தள்ளிட்டே வந்தேன்." கைகளைப் பார்த்துக்கொண்டார். "வார்டுல இதனால எதையாவது விட்டுட்டேனா, அது எனக்குத் தெரியல."

"விட்டதில்ல சார்."

மூத்த சிஸ்டர்தான் பேசினாள். "எங்களுக்குத் தெரியும். ஒரு தடவை சொல்லி நீங்க திரும்பலன்னா வலது பக்கம் வந்துருவோம். பழையவங்க எல்லாரும் அப்படித்தான் செய்யறோம். இந்தப் பொண்ணு புதுசு. இவகிட்டச் சொல்லணும்னு எங்களுக்குத் தோணல."

மாமா தலையை ஆட்டினார். அவர் கண் கலங்கியதைப் பார்த்துப் பலர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"சாயங்காலம் எனக்கு டியூட்டி" என்றார் பிறகு, சாதாரணமாக. "எல்லாரும் வலது பக்கம் நின்னு பேசினீங்கன்னா சமாளிச்சுக்குவேன்."

துறைத்தலைவி வாயைத் திறக்கும் முன் சின்ன டாக்டர் சொல்லிவிட்டாள்.

"வேண்டாம் மாமா."

ஆஸ்பத்திரிக்குள் அவரை மாமா என்று அவள் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அது அவளுக்கும் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது.

"காதைச் சோதிச்சுப் பாத்துட்டு வாங்க. அதுவரைக்கும் உங்க டியூட்டியை நான் பாக்கறேன், மேடம் சரின்னு சொன்னா. நோயாளி எந்தப் பக்கம் படுத்துக்கிட்டு முனகுவார்னு நமக்குத் தெரியாதுல்ல."

மாமாவின் முகம் இறுகியது. அத்தனை பேர் முன்னால் மருமகள் சொன்ன வார்த்தை. அவர் துறைத்தலைவியைப் பார்த்தார். துறைத்தலைவி மெல்லத் தலையசைத்து, "இன்னைக்குச் சாயங்காலத்துக்கு வேற ஆள் போட்டுக்கறேன். நீங்க ரெண்டு பேரும் போய் வாங்க" என்றார்.

"நீ சொல்றது சரிதான்" என்றார் மாமா. சரி என்று சொல்ல அவருக்கு எவ்வளவு வலித்தது என்பது அவர் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்ட நிதானத்தில் தெரிந்தது.

&#42;

நடையில் அத்தை அவளுக்காகக் காத்திருந்தாள். முந்தானை இன்னும் கலைந்தே இருந்தது.

"உன் பொம்மை விளையாட்டுக்கு என் புருஷன்தான் கிடைச்சாரா?"

"அத்தை, எனக்குத் தெரியாது."

"தெரியாதுதான். யாருக்கும் தெரியக் கூடாதுன்னுதான் நான் இத்தனை நாள் கத்திக் கத்திப் பேசினேன். என் தொண்டை என்ன ஆச்சுன்னு பாரு." அத்தையின் குரல் நிஜமாகவே கரகரத்தது. "அவருக்கு வார்டை விட்டா வேற என்ன தெரியும்? தோட்டம் போடத் தெரியுமா, சீட்டு ஆடத் தெரியுமா? வீட்டுல உக்காந்தா மனுஷன் சுருண்டு போயிடுவார்."

"காலைல சொல்லிருக்கலாமே அத்தை. மாமாவைக் கூப்பிடாதேன்னு ஒரு வார்த்தை."

"சொல்ல வந்தேன். அவர்கிட்டச் சத்தியம் பண்ணிக் குடுத்திருந்தேன்." அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அங்க நின்னுக்கிட்டு, அந்த நம்பர் இறங்க இறங்க, அது பொம்மைன்னு எனக்குத் தெரியும். ஆனா படுத்திருக்கறது யார் புருஷனாவும் இருக்கலாம்ல. அந்தப் பொம்பளையும் என்னை மாதிரி ஒருத்தி மெதுவாத்தானே சொல்லிருப்பா."

சின்ன டாக்டர் அவள் கையைப் பிடித்தாள். அத்தை கையை விடுவித்துக்கொள்ளவில்லை. ஆனால் பிடிக்கவும் இல்லை.

"இனிமே நம்ம வீட்டுல எதையும் மறைக்க வேண்டாம் அத்தை. நானும் மறைக்க மாட்டேன்."

"நல்லாப் பேசற" என்றாள் அத்தை. ஒரு ஆட்டோவைப் பிடித்துத் தனியாகவே வீட்டுக்குப் போய்விட்டாள்.

&#42;

காது மூக்கு தொண்டைப் பிரிவு அடுத்த கட்டிடத்தில் இருந்தது. அங்கே வெளிச்சத்தம் நுழையாத ஒரு சின்னக் கூண்டு அறை. மாமா உள்ளே போய் உட்கார்ந்தார். இரண்டு காதிலும் ஒலிப்பானை மாட்டிவிட்டார்கள். கையில் ஒரு பொத்தான். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும்.

சின்ன டாக்டர் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றாள்.

வலது காதுக்குச் சத்தம் அனுப்பும்போது மாமா டக் டக்கென்று அழுத்தினார். பரீட்சையில் முதல் வரிசையில் உட்கார்ந்து எழுதுகிற மாணவன் மாதிரி இருந்தது. பிறகு இடது காது.

மாமா பொத்தான்மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு காத்திருந்தார். சத்தம் போய்க்கொண்டுதான் இருந்தது. கருவியில் விளக்கு விட்டு விட்டு எரிவதை அவள் பார்த்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். இன்னும் கவனமாகக் கேட்டால் கேட்டுவிடும் என்பதுபோலத் தலையைச் சாய்த்தார். விளக்கு எரிந்தது, அணைந்தது. கட்டைவிரல் அசையவில்லை.

ஒரு தடவை சத்தமே போகாதபோது அழுத்தினார். அதற்கு மேல் அவளால் பார்க்க முடியவில்லை.

காது டாக்டர், அவளைவிட இரண்டு மூன்று வயது பெரியவர், தாளை மேஜைமேல் வைத்தார். பெரிய டாக்டரிடம் எப்படிப் பேசுவது என்று அவருக்குச் சங்கடம்.

"வலது காது உங்க வயசுக்கு நல்லா இருக்கு சார். இடது ரொம்ப இறங்கிருக்கு. அழுக்கு எதுவும் இல்ல. வந்து..."

"ஸ்கேன் எடுக்கணும்" என்று மாமாவே முடித்தார்.

"எடுத்துப் பாத்துடறது நல்லது சார்."

மருத்துவம் படித்த மூன்று பேருக்கும் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. வயதானால் இரண்டு காதும் ஒன்றாகத்தான் மங்கும். ஒரு காது மட்டும் போனால், மூளைக்குப் போகிற அந்த நரம்பில் ஏதாவது வளர்ந்திருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். நாளைக் காலைக்கே நேரம் ஒதுக்கித் தந்தார் காது டாக்டர்.

வீட்டுக்கு வரும் வழியில் அவள் கார் ஓட்டினாள். மாமா பக்கத்து இருக்கையில், வலப்பக்கம் அவள் இருக்கும்படியாக.

"பெரும்பாலும் ஒண்ணும் இருக்காது" என்றார். "இருந்தாலும் ஆபத்தில்லாத கட்டியாத்தான் இருக்கும்."

"நானும் நோயாளிங்ககிட்ட இதையேதான் சொல்வேன் மாமா."

அவர் மெல்லச் சிரித்தார். "சொன்னா அவங்களுக்கு நிம்மதியா இருக்குமா?"

"தெரியல. தலையாட்டுவாங்க."

"நானும் ஆட்டிக்கறேன்" என்று தலையை ஆட்டினார். சிவப்பு விளக்கில் வண்டி நின்றது. அவர் கையை நீட்டி, கியரின்மேல் இருந்த அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். "அங்க எல்லார் முன்னாடியும் நீ வேண்டாம்னு சொன்னப்போ எனக்குக் கோபம் வந்தது. ரொம்பவே வந்தது. இந்தப் பாலம் தாண்டறவரைக்கும் இருந்தது. இப்ப இல்ல."

அவள் சாலையைப் பார்த்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

&#42;

வீட்டில் அத்தை சமையலறையில் இருந்தாள். பாத்திரங்கள் வழக்கத்தைவிடச் சத்தமாகப் பேசின. மாமாவைப் பார்த்து, "கை கால் கழுவிட்டு வாங்க" என்றாள். மருமகளிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இரண்டு தம்ளர் தேநீரைக் கூடத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். ஒன்றில் சர்க்கரை குறைவாக, அவளுக்குப் பிடித்தபடி.

இருட்ட ஆரம்பித்திருந்தது. மாமா தேநீரை எடுத்துக்கொண்டு பால்கனிக்கு வந்தார். அவளும் கூட வந்தாள்.

மாமா சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு அவள் பக்கம் குனிந்தார்.

"ஸ்கேன் விஷயத்தை இப்ப அத்தைகிட்டச் சொல்ல வேண்டாம்மா."

"மாமா."

"சொன்னா இன்னைக்குத் தூங்க மாட்டா. நாளைக்கு எடுத்துட்டு, ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சப்புறம் சொல்லிக்கலாம். வெறும் காது பரிசோதனை, காதுல மாட்டிக்கற மெஷின் குடுப்பாங்கன்னு சொல்லி வைப்போம்."

"அத்தைகிட்ட இனிமே எதையும் மறைக்க மாட்டேன்னு மத்தியானம்தான் சொன்னேன் மாமா. என்னால முடியாது."

"ஒரே ஒரு ராத்திரிதானே. மூளைப் பக்கத்துல கட்டி இருக்குமோன்னு அவ நினைச்சுட்டே படுத்திருக்கணுமா? நான் கெஞ்சிக் கேக்கறேன்."

பதில் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. தன் ரகசியம் எவ்வளவு சத்தமாக வெளியே வருகிறது என்பது மாமாவுக்குத் தெரியவில்லை. சமையலறையில் பாத்திரச் சத்தம் எப்போதோ நின்றுபோயிருந்தது.

அத்தை கரண்டியும் கையுமாகப் பால்கனிக் கதவில் நின்றாள்.

"ரகசியம் பேசறதுக்கும் காது வேணுங்க" என்றாள். "கீழ் வீட்டுக்காரங்களுக்கே கேட்டிருக்கும்."

மாமா நிமிர்ந்தார். அவள் சொன்னது அவருக்கு முழுவதும் கேட்டதோ இல்லையோ, முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது.

"ஸ்கேன் எப்ப?" என்று அத்தை மருமகளிடம் கேட்டாள். மதியத்துக்குப் பிறகு அவளிடம் பேசிய முதல் வார்த்தை.

"நாளைக்குக் காலைல அத்தை. எட்டரைக்கு."

"நானும் வரேன்." கரண்டியைப் பால்கனிச் சுவரின்மேல் வைத்துவிட்டு வந்து மாமாவின் வலப்பக்கம் உட்கார்ந்தாள். அவருடைய தம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தாள். "என்னன்னு எனக்குப் புரியற மாதிரி சொல்லு. வகுப்புல சொல்ற மாதிரி. நான் திருப்பிச் சொல்றேன். தப்பாச் சொன்னா திருத்து."

சின்ன டாக்டர் சொன்னாள். நரம்பு எங்கிருந்து எங்கே போகிறது, ஸ்கேனில் எதைப் பார்ப்பார்கள், என்னவெல்லாம் இருக்கலாம், எது பெரும்பாலும் இருக்காது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அத்தை நிறுத்தித் திருப்பிச் சொன்னாள். ஒரே ஓர் இடத்தில், 'கட்டி' என்ற வார்த்தையில் மட்டும், அவள் குரல் உடைந்தது. மாமா அவள் தோளைச் சுற்றிக் கையைப் போட்டுக்கொண்டார். அவள் சொல்லி முடித்தாள். ஒரு தப்பும் இல்லை.

உள்ளே போன் அடித்தது. இடப்பக்கமிருந்து வந்த சத்தம், மாமாவுக்குக் கேட்கவில்லை. அத்தை எழுந்து போய் எடுத்து வந்தாள். திரையில் மகனின் படம். கப்பல் எந்தக் கரையிலோ நின்றிருக்க வேண்டும்.

"அவர்கிட்ட..." என்று சின்ன டாக்டர் தொடங்கினாள். மாமாவும் அதையே நினைத்துத் தலையை லேசாக அசைத்தார், வேண்டாம் என்பதுபோல. அவ்வளவு தூரத்தில் இருக்கிறவனிடம் எதற்கு?

அத்தை இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். போனை மூவருக்கும் நடுவில், தேநீர்த் தம்ளருக்குப் பக்கத்தில் வைத்தாள். எல்லாருக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியைப் போட்டாள்.

"தம்பி, சாப்டியா?" என்றாள். அவன் ஏதோ சொல்லிச் சிரித்தான். காற்றிரைச்சலுக்கு நடுவே அவன் சிரிப்பு விட்டு விட்டு வந்தது.

"சரி, எங்கயாவது உக்காந்துக்கோ. அப்பா உன்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம்."

மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, வலது காதைப் போனுக்கு அருகில் கொண்டுபோனார்.